பறக்கும் நேரம்: 2 மணி 10 நிமிடம்

அனுப்புநர்:
பேருந்து நிலைய நேரக் காப்பாளரின் மனைவி,
மூக்குக் கண்ணாடிக் கடை,
பேருந்து நிலையக் கிழக்கு வாசல் எதிரில்.

பெறுநர்:
மண்டல இயக்குநர் அவர்கள்,
விமானப் பயணிகள் தகவல் துறை.

பொருள்: எங்கள் நகரத்துக்கும் தலைநகரத்துக்கும் இடையே உள்ள தொலைவையும் பயண நேரத்தையும் காட்டும் திரையில் ஒரு சொல்லைத் திருத்தித் தரவும், அத்திருத்தத்தை முத்திரையுடன் எழுத்தில் வழங்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. இதே பொருளில் நான் முன்பு அளித்த மனு.
2. அதற்குத் தங்கள் துறையின் குறைதீர்ப்புப் பிரிவு அனுப்பிய பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது இழப்பீடு கேட்கும் மனு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானம் தாமதமாக வந்தது என்றோ, ஊழியர்கள் மரியாதை இல்லாமல் பேசினார்கள் என்றோ எனக்குப் புகார் இல்லை. விமானம் அதன் நேரத்துக்குச் சரியாகக் கிளம்பியது. எங்கள் துயரமே அதுதான். நான் கேட்பது ஒரே ஒரு சொல். அது தங்கள் திரையில் விடுபட்டிருக்கிறது. அதனால் என் கணவர் தம் தாயை உயிரோடு பார்க்க முடியாமல் போனது. அவருடைய அக்கா அவரோடு பேசுவதில்லை. முதல் இழப்பைத் தாங்களோ நானோ ஈடு செய்ய முடியாது. இரண்டாவதைச் சரிசெய்வது தங்கள் கையில் இருக்கிறது என்று நம்பி இதை எழுதுகிறேன்.

2. என் கணவர் இந்நகரப் பேருந்து நிலையத்தின் நேரக் காப்பாளர். எந்த வண்டி எப்போது கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பதும், நேரம் கடந்தும் டீ குடித்துக்கொண்டிருக்கும் ஓட்டுநரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கிளப்புவதும் அவர் வேலை. கண்ணாடி ஜன்னல் வைத்த ஓர் ஆள் அறை, ஒரு ஸ்டூல், ஒரு மைக், தலைக்கு மேல் ஒரு கடிகாரம், இவ்வளவுதான் அவருடைய அலுவலகம். ஊரில் அவருக்கு 'டைம்' என்று பெயர். தபால்காரர்கூட "டைம் வீடு எது?" என்றுதான் கேட்டு வருவார். அவருடைய அம்மாவும், தாம் வைத்த பெயரையே மறந்ததுபோல, "டேய் டைமு" என்றுதான் கூப்பிடுவார். கேலியாகத் தொடங்கிய பெயர் அந்த வாயில் கொஞ்சலாகவே ஆகிவிட்டது. நான் கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் எனக்கு 'கண்ணாடி' என்று பெயர் வைத்ததும் அவரேதான். மருமகளைப் பெயர் சொல்லி அழைத்தால் மரியாதை போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ.

3. என் மாமியார் கடைசி இரண்டு ஆண்டுகள் சிகிச்சைக்காகத் தலைநகரத்தில் மகள் வீட்டில் இருந்தார். அந்த மகள், அதாவது என் நாத்தனார், பதிவு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். அவரைப் பற்றித் தங்களுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும், இம்மனு முழுவதும் விளங்கிவிடும். யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எழுத்துல இருக்கா?" என்பது. இரண்டாவது கேள்வி, "முத்திரை இருக்கா?" என்பது. ஒரு ஒற்று விடுபட்டிருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று அவர் அலுவலகத்தில் எல்லாரும் நடுங்குவார்களாம். தாயை அவர் கவனித்துக்கொண்டதிலும் அந்தக் கண்டிப்புத்தான். எந்த மாத்திரையும் ஒருவேளைகூடத் தவறியதில்லை. அவரைக் குறைசொல்ல இந்த மனுவை நான் எழுதவில்லை.

4. சென்ற ஆண்டு ஒரு காலையில் அவர் தம்பிக்குப் போன் செய்தார். "அம்மா உன்னைக் கேக்குறாங்க. டாக்டர் இன்னைக்கே வரச் சொல்றார். பஸ்ல வராத, பறந்து வா" என்றார். நாங்கள் இருவருமே அதுவரை விமானம் ஏறியவர்கள் அல்லர். நாத்தனாரின் மகளை வீட்டில் பாப்பா என்போம். மருத்துவமனையில் ஓடிக்கொண்டிருந்த நேரத்திலும் அந்தப் பெண்தான் எங்களுக்கு இடம் பதிவு செய்தாள். "மாமா, மத்தியான ஃப்ளைட்ல ரெண்டு சீட்டு போட்டாச்சு, டிக்கெட்டை உங்க போனுக்கு அனுப்பிட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். டிக்கெட் வந்தது. என் கணவரின் பழைய போனில் அது திறக்கவில்லை. ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அங்கே பாட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்ணை மறுபடி கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய அவருக்கு மனம் வரவில்லை. "நேரம் பார்க்கத் தெரியாதவனா நான்?" என்று சொல்லிவிட்டு, பேருந்து நிலைய முன்கூடத்தில் தங்கள் துறை நிறுவியிருக்கும் தொடுதிரைக்குப் போனார்.

5. அத்திரையில் தமிழைத் தேர்ந்தெடுத்து, எங்கள் நகரத்தையும் தலைநகரத்தையும் தொட்டால் வருவது இதுதான். இன்று காலையும் போய்ப் பார்த்து எழுதுகிறேன்:

தொலைவு: 1,140 கி.மீ.
பறக்கும் நேரம்: 2 மணி 10 நிமிடம்

இதற்கு மேலோ கீழோ வேறு நேரம் எதுவும் இல்லை. ஆங்கிலப் பக்கத்தில் அதே தகவலைப் பார்த்தால் யாருக்கும் குழப்பம் வராது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். தமிழைத் தொட்டவர்களுக்கு மட்டுமே இந்தக் குழி.

6. இங்கே என் கணவர் எப்படிப் படித்தார் என்பதைச் சொல்ல வேண்டும். தங்கள் துறையில் எல்லாரும் ஓர் ஊருக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசிப்பவர்கள். பேருந்து நிலையத்தில் அந்தப் பேச்சே கிடையாது. வழியில் டயர் வெடிக்கும், மழை வரும், ரயில்வே கேட் மூடும். போய்ச் சேரும் நேரத்தை எந்த நேரக் காப்பாளரும் வாய்திறந்து சொல்ல மாட்டார். அவர் பலகையில் ஊரின் பெயருக்கு எதிரே ஒரு நேரம் எழுதியிருந்தால் அது வண்டி கிளம்பும் நேரம் மட்டுமே. என் கணவர் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் படித்தது அப்படிப்பட்ட பலகைகளைத்தான். பேருந்து புறப்படும் நேரம் என்றால் பேருந்து கிளம்பும் நேரம். விமானம் பறக்கும் நேரம் என்றால்? பாப்பாவும் மத்தியான விமானம் என்றுதான் சொல்லியிருந்தாள். மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிடம். எல்லாம் பொருந்தியது. அவர் சந்தேகப்பட ஓர் இடம்கூட இருக்கவில்லை.

7. 'மணி' என்ற சொல் நம் மொழியில் இரண்டு வேலை பார்க்கிறது. கடிகாரத்தில் நிற்பதும் மணிதான், கழிந்துபோவதும் மணிதான். அதனால்தான் கழிந்துபோவதைச் சொல்லும்போது 'மணி நேரம்' என்கிறோம். "ரெண்டு மணிக்கு வா" என்பதற்கும் "ரெண்டு மணி நேரம் ஆகும்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் பள்ளிக்குப் போகாத குழந்தைக்கும் தெரியும். தங்கள் திரைக்கு மட்டும் தெரியவில்லை. அந்த 'நேரம்' என்ற சொல்லைத்தான் நான் இம்மனுவில் கேட்கிறேன். என் கடைக்கு எழுத்துத் தெரியவில்லை என்று வருகிறவர்களுக்கு, பலகையில் எந்த வரி வரை தெரிகிறது என்று சோதித்து, கண்ணாடி பொருத்தித் தருகிறேன். தெளிவாகத் தெரிந்த எழுத்தையே தவறாகப் படிக்க வைக்கும் வரிக்கு என் கடையில் கண்ணாடி இல்லை.

8. அன்று அவர் தாமதிக்கவில்லை என்பதற்கு நானே சாட்சி. அரை மணி நேரம் முன்னால் போனால் போதாதா என்று கேட்டவள் நான். "பஸ்ஸுக்கே ஓடிவந்து ஏறுறவங்களைப் பாத்துப் பாத்து நான் திட்டுறேன், நான் ஓடலாமா?" என்று சொல்லி, ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே என்னை விமான நிலையத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார். அப்போது பன்னிரண்டே முக்கால் இருக்கும். அம்மாவுக்கென்று ஒரு பருத்திப் போர்வையைப் பையின் மேலாக வைத்திருந்தார். மருத்துவமனைப் போர்வை குத்துகிறது என்று அம்மா போனில் சொல்லியிருந்தாராம்.

9. கவுண்டரில் இருந்த இளம்பெண் எங்கள் பெயரைக் கேட்டுக் கணினியில் பார்த்துவிட்டு, "சார், இந்த ஃப்ளைட் போயிடுச்சே" என்றார். என் கணவர் சிரித்தார். ஐயா, அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன். சின்னப் பிள்ளையிடம் சொல்வதுபோல, "ரெண்டு பத்துக்குத்தானேம்மா கிளம்பும்?" என்றார். "பன்னெண்டு இருபதுக்குக் கிளம்பிடுச்சு சார். ரெண்டு மணி பத்து நிமிஷம் போய்ச் சேர ஆகுற டைம்" என்று சொன்ன அந்தப் பெண், எங்கள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "இப்படி வர்றது நீங்க மட்டும் இல்ல சார்" என்றார். ஆக, தங்கள் திரையின் குழப்பம் தங்கள் விமான நிலையத்துக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றுதான். அந்தப் பெண்ணுக்கு என்னால் எந்தத் தொல்லையும் வரக்கூடாது. எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, மாலை விமானத்தில் இடம் வாங்கித் தந்தவர் அவரேதான்.

10. சுவரில் இருந்த கடிகாரத்தில் இரண்டு மணி பத்து நிமிடம் வந்தபோது நாங்கள் அதற்கு நேர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். என் கணவர் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் கிளம்பவில்லை.

11. என் மாமியார் இருட்டுவதற்கு முன்பே இறந்துவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரவாகிவிட்டது. கடைசி நேரத்தில் நடந்ததைப் பாப்பா பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள். அவர் கண்ணை மூடியபடியே "டைம்... டைம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். மகனைத்தான் கேட்கிறார் என்பது அந்த வார்டில் இருந்த நர்ஸுக்குத் தெரியவில்லை. பாவம், ஒவ்வொரு தடவையும் பொறுமையாகக் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்து, "மூணேகால் ஆச்சும்மா", "நாலு ஆகப்போகுதும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். என் நாத்தனார் மட்டும் குனிந்து, "வந்துட்டே இருக்கான்மா, இதோ வந்துட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எழுத்தில் இல்லாத எதையும் சொல்லாத அந்த அக்கா, தம்பிக்காகச் சாகும் தாயிடம் பொய் சொன்னார். அவருடைய கோபம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. அந்தப் பொய்யை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

12. அன்று வாசலில் எங்களைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஊருக்கே டைம் சொல்றவனுக்கு, அம்மாகிட்ட வர்றதுக்கு டைம் தெரியலையா?" என் கணவர் திரையில் பார்த்ததைச் சொன்னார். விமான நிலையத்தில் பன்னிரண்டே முக்காலுக்கே போய் உட்கார்ந்திருந்ததையும் சொன்னார். "எழுத்துல இருக்கா?" என்றார் நாத்தனார். அதற்குப் பிறகு அவர் தம்பியிடம் பேசவில்லை.

13. அதனால்தான் பார்வை ஒன்றில் கண்ட மனுவை எழுதினேன். தங்கள் திரையில் உள்ள வரி குழப்பம் தருவது என்பதை உறுதிசெய்து ஒரு கடிதம் தாருங்கள் என்று கேட்டிருந்தேன். பார்வை இரண்டில் கண்ட பதில் வந்தது. அதை அப்படியே எழுதுகிறேன்: "தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. தலைநகரத்துக்கான தொலைவு 1,140 கி.மீ. எனவும் பறக்கும் நேரம் 2 மணி 10 நிமிடம் எனவும் திரையில் காணப்படும் தகவல் சரியானதே எனத் தெரிவிக்கப்படுகிறது." கீழே கையொப்பம். அதன் மேல் நல்ல நீல மையில் வட்ட முத்திரை.

14. நான் கடையில் இருந்தபோது தபால் வந்தது. என் கணவர் பிரித்துப் பார்த்திருக்கிறார். முத்திரையைப் பார்த்த சந்தோஷத்தில் வாசகத்தைப் பார்க்கவில்லை. அல்லது, தாம் ஏற்கெனவே திருந்திவிட்டதால் இப்போது சரியாகவே படித்துவிட்டார் என்று நினைக்கிறேன். போக ஆகும் நேரம் என்று இப்போது அவருக்குத் தெரியுமே! அன்றே உறையில் போட்டு அக்காவுக்கு அனுப்பிவிட்டு, சாயங்காலம் கடைக்கு வந்து, "அனுப்பிட்டேன். முத்திரையோட" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அன்று இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

15. நான்கைந்து நாளில் பாப்பா எனக்குப் போன் செய்து அழுதாள். கடிதத்தைப் படித்த என் நாத்தனார் சொன்னது இது: "ரெண்டு பத்துக்குத்தான் ஃப்ளைட்னு அவங்களே முத்திரை குத்திக் குடுத்திருக்காங்க. பன்னெண்டே முக்காலுக்கே அங்க போயிட்டேன்னு இவனே சொன்னான். அப்போ ஒன்றரை மணி நேரம் அங்கயே உக்காந்திருந்தும் ஏறலையா? பயந்துட்டானா, இல்ல வேணும்னே ஏறலையா? ஏதோ ஒரு கவனக்குறைவுன்னு இத்தனை நாள் நினைச்சேன். பொய் சொல்லியிருக்கான்."

16. ஐயா, இதைக் கேட்டதும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது என்பதை மறைக்க மாட்டேன். பிறகு கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து அழுதேன். ஒரு ஒற்றுப் பிழையைக்கூட விடாத என் நாத்தனார், அந்த வரியைத் தம்பி படித்தது போலவே படித்திருக்கிறார். ஓர் எழுத்தும் மாறவில்லை. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவரும் ஒரே வரியில், ஒரே இடத்தில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். தம்பி விழுந்ததற்கு அக்கா கோபப்படுகிறார். தாமும் விழுந்து கிடப்பது அவருக்குத் தெரியவில்லை. "அம்மா, மணின்னா அங்க மணி நேரம்மா" என்று பாப்பா சொல்லிப் பார்த்திருக்கிறாள். "இத்தனை வருஷமா கோப்பு படிக்கிறவளுக்கு நீ தமிழ் சொல்லித் தராத" என்று பதில் வந்திருக்கிறது. எங்கள் போனை அவர் எடுப்பதில்லை. எடுத்தாலும், வாயால் சொல்வதை நம்புகிறவர் அல்லர்.

17. என் கணவரின் இன்றைய நிலையையும் தாங்கள் அறிய வேண்டும். அவர் மைக்கை விட்டுவிட்டார். தாமே எழுதிக்கொடுத்துப் பார்சல் பிரிவுக்கு மாறிப் போய்விட்டார். இப்போது நிலையத்தில் பதிவு செய்த ஒரு குரல் எல்லா ஊர்களையும் ஒரே மாதிரி சொல்கிறது. கேட்கவே பிடிக்கவில்லை என்று ஓட்டுநர்கள் என் கடைக்கு வந்து சொல்கிறார்கள். "டைம் எங்க?" என்று கேட்டுவிட்டு, அவர்களே நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள். கைக்கடிகாரத்தையும் என் கணவர் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். வீட்டில் நேரம் என்னவென்று என்னைக் கேட்கிறார். இவையெல்லாம்கூட நாளாவட்டத்தில் சரியாகும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அக்கா சொன்னது எப்படியோ அவர் காதுக்கும் எட்டிவிட்டது. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, "நான் வேணும்னே ஏறாம இருந்திருப்பேனா? நீ பக்கத்துல தானே இருந்த, சொல்லு" என்று கேட்டார். என் கணவருக்குத் தம்மீதே சந்தேகம் வந்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது.

18. மாமியார் இறந்து அடுத்த மாதம் ஓராண்டு நிறைகிறது. அன்று தலைநகரத்து வீட்டில் எல்லாரும் கூடுவார்கள். "அவன் வர வேண்டாம்" என்று நாத்தனார் சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குள் தங்கள் பதில் வந்தால்தான் பயன்.

19. எனவே தாங்கள் கருணை கூர்ந்து,

(அ) மேற்படி திரையில் 'பறக்கும் நேரம்' என்பதை 'போய்ச் சேர ஆகும் நேரம்' என்றும், '2 மணி 10 நிமிடம்' என்பதை '2 மணி நேரம் 10 நிமிடம்' என்றும் மாற்றவும், விமானம் கிளம்பும் நேரத்தைத் தனி வரியில் காட்டவும்;

(ஆ) பார்வை இரண்டில் கண்ட பதிலைத் திரும்பப் பெற்று, "அந்த விமானம் பகல் 12.20க்குக் கிளம்பியது, 2 மணி 10 நிமிடம் என்று நாங்கள் எழுதியது கிளம்பும் நேரம் அல்ல, அதை அப்படிப் படிப்பது யாருக்கும் நேரக்கூடியதே" என்ற பொருளில் புதிய கடிதம் ஒன்றை முத்திரையுடன் வழங்கவும்

உத்தரவிட வேண்டுகிறேன். இதில் 'யாருக்கும்' என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து வெட்டிவிட வேண்டாம். அதைப் படிக்கப் போகிறவர்கள் இருவர். இருவருக்கும் அந்தச் சொல் தேவை.

தொலைவு 1,140 கி.மீ. என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அது இருக்கிறபடியே இருக்கட்டும். இந்தத் தடவை நாங்கள் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறோம். அங்கே கதவு திறந்தால் போதும்.

ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
நேரக் காப்பாளரின் மனைவி

இடம்: கண்ணாடிக் கடை
நாள்: ஆகஸ்ட் 12

இணைப்பு: தங்கள் துறையின் முந்தைய பதில், நகல்.

இம்மனுவின் நகல்: தலைநகரத்தில் உள்ள என் நாத்தனார் அவர்களுக்கு, தகவலுக்காக.

(அண்ணி, பதினாறாம் பத்தியைக் கோபப்படாம ஒரு தடவை படிங்க. அவருக்குத் தெரியாமத்தான் அனுப்புறேன். இதுல முத்திரை இல்ல. ஆனா எழுத்துல இருக்கு.)